பத்து நிமிட வேலைக்கு அறுநூறு ரூபாயா?

2024ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நாள். உழவர்கரையில் உள்ள நம் இல்லத்தில் விடியற்காலையில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓட மறுத்தது. பொத்தானை அழுத்தினால் வண்டு முரல்வது போன்ற ஓசை மட்டும் எழுந்தது, நீர் ஏறவில்லை. மாடித் தொட்டி வற்றிக் கிடந்தது. ஒளூச் செய்வதற்கும் குடத்து நீரையே நாட வேண்டியதாயிற்று. தெருமுனையில் சிறு கடை வைத்திருக்கும் மின்பணியாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். நிலைமையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கூறிய முதற்சொல், "சார், முதல்ல சுவிட்சை அணைச்சிடுங்க" என்பதே.

எட்டு மணிக்கு வந்தார். மோட்டாரின் பின்புறத்து விசிறியைக் கையால் ஒரு முறை சுழற்றிப் பார்த்தார். பக்கத்துப் பெட்டியைத் திறந்தார். பழைய கண்டன்சரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். பொத்தானை அழுத்தியதும் நீர் பாய்ந்தது. வந்ததும் முடித்ததும் பத்தே நிமிடம். "அறுநூறு ரூபாய் சார்" என்றார்.

"தம்பி, பத்து நிமிஷ வேலை. கண்டன்சர் கடையில நூத்தைம்பது ரூபாய்தானே? நானூறு வாங்கிக்கங்க" என்றோம். அவர் வாதாடவில்லை. நானூறை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று கல்லூரி ஆசிரியர் அறையில் இதனை ஒரு வெற்றிச் செய்தி போலச் சொல்லி மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. கேட்டவர்கள் அனைவரிடமும் இதுபோன்ற கதை ஒன்று இருந்தது. குழாயில் ஒரு வாஷரை மாற்ற முந்நூறு கேட்டவர், அலமாரிப் பூட்டை இரண்டு கம்பிகளால் திறந்துவிட்டு ஐந்நூறு கேட்டவர், தென்னை மரத்தில் ஏறி இறங்க இருநூறு கேட்டவர் என்று பட்டியல் நீண்டது. 'கொள்ளை' என்னும் சொல் பலமுறை புழங்கிற்று. மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் மட்டும் தலைநிமிராமல் கேட்டார்: "வேலை தொடங்குமுன் விலை கேட்டீர்களா?" கேட்கவில்லை. அந்த வினா நெஞ்சில் தைத்த முள்ளாக நின்றது. இக்கட்டுரை அதிலிருந்து பிறந்தது.

சுண்ணக்கட்டியால் இயந்திரத்தின்மேல் ஒரு கோடு கிழித்துப் பெருந்தொகை கேட்ட பொறியாளரின் கதையை நாம் எத்தனையோ மலர்களில் படித்துவிட்டோம். அதனை இங்கு மீண்டும் சொல்லப் போவதில்லை. நம் வீட்டு மோட்டாரே போதும்.

வீடுகளில் உள்ள ஒருமுனை மின்சார மோட்டார் தானே சுழலத் தொடங்காது. அதற்கு ஒரு தொடக்கத் தள்ளல் வேண்டும். துணைச் சுருளில் பாயும் மின்னோட்டத்தைச் சிறிது முன்பின்னாக்கி அத்தள்ளலைத் தருவதே கண்டன்சரின் பணி. அது பழுதானால் மோட்டார் உறுமும், சுழலாது. சுழலாத மோட்டாருக்குள் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும். அப்படியே விட்டால் உள்ளிருக்கும் காயில் சூடேறி எரியும். எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆகவே அவர் வீட்டுக்கு வருமுன்பே, தொலைபேசியில் கேட்ட ஓசையின் வருணனையைக் கொண்டு, சுவிட்சை அணைக்கச் சொன்ன அந்த ஒரு தொடர்தான் அன்றைய பணியில் விலைமதிப்பு மிக்கது. அதற்கு அவர் ஒரு காசும் கேட்கவில்லை. விசிறியைக் கையால் சுழற்றியதும் வெறும் பழக்கமன்று. அச்சு இறுகியிருந்தால் பழுது பேரிங்கில். தடையின்றிச் சுழன்றால் பழுது மின்சாரத்தில். நாம் ஒரு விளையாட்டுப் போலப் பார்த்துக்கொண்டிருந்த அச்செயல் ஒரு நோயறிதல். மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கும்போது நாம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

இந்த அறிவு எங்கிருந்து வருகிறது? இந்திய அரசு 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் நடைபெறுகின்றன. நம் உழவர்கரைப் பகுதியைச் சேர்ந்த மேட்டுப்பாளையத்திலும் ஓர் அரசு நிலையம் உண்டு. மின்பணியாளர் பயிற்சிக்கு அங்கே ஈராண்டுக் காலம். அதன்பின் ஒரு கடையில் கையாளாகச் சில ஆண்டுகள் குறைந்த கூலிக்கு உழைக்க வேண்டும். தாமே கடை வைத்தபின், எந்த வீட்டில் எந்த அளவுக் கண்டன்சர் தேவைப்படும் என்று தெரியாததால் பல அளவுகளையும் வாங்கி வைக்க வேண்டும். வண்டிக்கு எரிபொருள், கடைக்கு வாடகை இவற்றோடு, பொருத்திய பொருள் ஒரு வாரத்தில் கெட்டால் கூலியின்றி வந்து மாற்றித் தரும் கடமையும் இருக்கிறது. நாம் 600இலிருந்து 150ஐக் கழித்து, எஞ்சியதைப் பத்து நிமிடத்தால் வகுத்தோம். கணக்குப் பாடத்தில் அது சரி. வாழ்க்கைப் பாடத்தில் பிழை.

பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆடம் ஸ்மித், 1776இல் வெளியிட்ட தம் பெருநூலில் தொழிலுக்குத் தொழில் கூலி ஏன் வேறுபடுகிறது என்பதை ஆராய்ந்தார். தொழிலைக் கற்க ஆகும் செலவு, வேலை தொடர்ந்து கிடைக்குமா என்னும் ஐயம், செய்பவர்மீது வைக்க வேண்டிய நம்பிக்கை ஆகியன அவர் காட்டும் காரணங்களுள் அடங்கும். கடுங்குளிரில் கொத்தனார் வேலை செய்ய இயலாது. ஆகவே வேலை உள்ள நாளில் பெறும் கூலி, வேலையற்ற நாளுக்கும் சோறு போட வேண்டும் என்கிறார். புதுவையில் கடுங்குளிர் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. அத்திங்கள்களில் வெள்ளையடிப்பவரும் பூச்சு வேலைக்காரரும் கைகட்டி உட்கார்ந்திருப்பதை நம் தெருக்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். மாதம் முடிந்ததும் ஊதியம் வங்கிக் கணக்கில் வந்து விழும் நம்மைப் போன்றவர்களுக்கு அது உறைப்பதில்லை.

இஸ்லாமியச் சட்ட நூல்கள் இச்சிக்கலை வேறொரு பக்கமிருந்து அணுகியுள்ளன. மதரசாவில் ஓதியவர்களுக்கு இது தெரிந்ததே. மாணவச் செல்வங்களுக்காகச் சொல்கிறோம். கூலிக்கு அமர்த்துதலை 'இஜாரா' என்னும் தலைப்பில் ஆராயும் சட்ட வல்லுநர்கள், உழைப்பவரை இரு வகையாகப் பிரிப்பர். குறித்த காலத்துக்கு ஒருவருக்கென்றே உழைப்பவர் 'அஜீர் காஸ்'. வேலையை முடித்துத் தருவதாக ஏற்றுப் பலருக்கும் பணி செய்பவர் 'அஜீர் முஷ்தரக்'; தையற்காரரும் சாயம் தோய்ப்பவரும் இதற்கு எடுத்துக்காட்டு. முன்னவர் தம்மை ஒப்படைத்துக் காத்திருந்தாலே கூலிக்கு உரியவர். பின்னவருக்கு வேலை முடிந்தால்தான் கூலி. நாள் முழுதும் போராடியும் முடியாவிட்டால் கூலி இல்லை. நம் வீட்டுக்கு வந்த மின்பணியாளர் இரண்டாம் வகை. மோட்டார் ஓடாமற்போயிருந்தால், அரைநாள் முயன்றிருந்தாலும் நாம் ஒன்றும் கொடுத்திருக்க மாட்டோம். விரைவில் முடிந்தபோது மட்டும் அவரை முதல் வகையாக்கி நிமிடக் கணக்குப் பார்த்தோம். நட்டம் வந்தால் வேலைக் கணக்கு, இலாபம் வந்தால் நேரக் கணக்கு என்பது என்ன நீதி?

அதே நூல்கள் மற்றொன்றும் சொல்கின்றன. கூலி இவ்வளவு என்று இரு தரப்பாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பேசாமல் விட்டுவிட்டால், அவ்வூரில் அவ்வேலைக்கு அவரை ஒத்தவர் பெறும் கூலியைக் கொடுக்க வேண்டும். 'உஜ்ரத்துல் மிஸ்ல்' என்பது அதன் பெயர். வேலை முடிந்தபின், கொடுப்பவர் தம் மனம்போல் குறைப்பதற்கு அங்கு இடமில்லை. கடையில் வாங்கிய துணி விலை மிகுதி என்று தோன்றினால் திருப்பிக் கொடுக்கலாம். ஓடத் தொடங்கிவிட்ட மோட்டாரை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அவர் உழைப்பு நம் வீட்டுக்குள் சென்றுவிட்டது. இனி அவர் கையில் பேரம் பேச ஒன்றுமில்லை. அந்நேரத்தில் பேசும் பேரம் பேரமன்று. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்னும் நபிமொழியை மேடைதோறும் கேட்கிறோம். நாமும் உலருமுன்தான் கொடுத்தோம். 200 ரூபாயைக் குறைத்துக் கொடுத்தோம்.

கைத்தொழிலுக்கு மட்டும் இந்த நிமிடக் கணக்கு ஏன் வருகிறது என்று சிந்தித்தால், நம் ஊரின் பெயரே விடை சொல்லும் போலத் தோன்றுகிறது. உழவர்கரை உழவர்களின் ஊர். பிரெஞ்சுக்காரர் 1880இல் கொம்யூன்களை அமைத்தபோது அவற்றுள் ஒன்றாகிய இப்பகுதி, வயலும் ஏரியும் தோப்புமாக இருந்தது. தமிழகத்து உழவூர்களில் தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கு வேலைக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் வழக்கம் இல்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அவரவர்க்கு உரிய நெல்லை அளந்து கொடுப்பர். 'மேரை' என்றும் 'சுதந்திரம்' என்றும் அதற்குப் பெயர். ஆண்டு முழுவதும் கலப்பை பழுதுபார்க்கவும் அரிவாள் தீட்டவும் அழைத்தபோதெல்லாம் அவர் வந்தாக வேண்டும். அழைத்தவர் கையிலிருந்து அப்பொழுது ஒன்றும் போகாது. அதனால் அவ்வேலைகள் விலையற்றவை என்னும் எண்ணம் வேரூன்றிற்று. அவர் வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது; அந்த ஏற்பாட்டின் இருண்ட பக்கம் அது. பழைய நாள் பொற்காலம் என்று பாடுவோர் அதனைக் களத்துமேட்டில் முறத்தோடு நின்றவரின் இடத்திலிருந்து பார்த்ததில்லை. இன்று வயல்கள் மனைகளாயின. ரெட்டியார்பாளையமும் மூலகுளமும் இலாசுப்பேட்டையும் வீட்டு வரிசைகளாயின. மேரை போயிற்று. கைவேலைக்குக் காசு கேட்கிறாரே என்னும் முணுமுணுப்பு மட்டும் போகவில்லை.

நாம் எல்லாரிடமும் இப்படி முணுமுணுப்பதில்லை. நகைக்கடையில் செய்கூலி என்றும் சேதாரம் என்றும் நூற்றுக்கு இத்தனை என எழுதும்போது தலையசைத்துக் கொடுக்கிறோம். மருத்துவர் மூன்று நிமிடம் பார்த்துச் சீட்டு எழுதினால், கைராசிக்காரர் என்று புகழ்கிறோம். தமிழ்த்துறையினராகிய நம்மிடமும் ஒரு சான்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளைக் கொண்டது. அதற்குக் கரிகாலன் பதினாறு நூறாயிரம் பொன் பரிசளித்தான் என்று கலிங்கத்துப்பரணி கூறுகிறது. ஓர் அடிக்கு ஐயாயிரம் பொன்னுக்கு மேலாகிறது. இது மிகை என்று எந்தத் தமிழாசிரியரும் இதுகாறும் எழுதியதாகத் தெரியவில்லை. நாமும் எழுத மாட்டோம். அதே பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும்போது, வாங்குவதை மிகையாக வாங்காதவர், கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காதவர் என்று சொல்கிறது. அப்புகழ்ச்சிக்கு இரண்டு பக்கமும் உண்டு. வகுப்பில் நாம் ஒரு பக்கத்தையே அழுத்திச் சொல்கிறோம்.

இலண்டனில் 1878ஆம் ஆண்டு நடந்த வழக்கொன்றும் இங்கு நினைவுக்கு வருகிறது. விஸ்லர் என்னும் ஓவியர், தம் படத்தை இழித்து எழுதிய திறனாய்வாளர் ரஸ்கின்மீது வழக்குத் தொடுத்தார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி கேட்கிறீர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவ, இல்லை, வாழ்நாள் முழுவதும் ஈட்டிய அறிவுக்கு என்று ஓவியர் விடையிறுத்தார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இழப்பீடோ ஒரு பார்த்திங், அதாவது ஒரு பென்னியின் நான்கில் ஒரு பங்கு! அடுத்த ஆண்டு அவர் பொருளிழந்து நொடித்துப்போனார். அந்த விடையைப் பலரும் பொன்னேபோல் போற்றுவர். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஓவியம் வேண்டாதவர் விலகிச் செல்லலாம். வற்றிய தொட்டியோடு நிற்பவர் எங்கே விலகுவது? வாழ்நாள் அறிவுக்கு விலை உண்டு என்பது சரி. கேட்பதெல்லாம் அவ்விலைதான் என்று ஆகிவிடாது.

ஏனெனில் தொழிலாளர் தரப்பிலும் குறைகள் உண்டு. அவற்றை மூடி மறைப்பது அவர்களுக்கே நன்மையன்று. வாயிற்கதவின் அகலத்தையும் நிறுத்தியிருக்கும் காரையும் பார்த்து விலை சொல்பவர் உண்டு. வாஷர் மாற்றினால் போதும் என்னும் இடத்தில் குழாயையே மாற்றுபவர் உண்டு. கழற்றிய பழைய பொருளைக் காட்டாமல் எடுத்துச் செல்பவர் உண்டு. அது பழுதாயிருந்ததா என்பதை யாரறிவார்? குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி அங்கே தமக்கொரு பங்கு வைத்திருப்பவரும் உண்டு. நம் அறியாமைக்கு விலை வைக்கும் இச்செயல்களுக்கும் திறமைக்கு விலை கேட்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். 600 ரூபாய் கேட்டது கொள்ளையன்று. தேவையற்ற வாஷருக்கு 50 ரூபாய் கேட்டால் அது கொள்ளை.

ஃபெஞ்சல் புயல் இவ்வேறுபாட்டை நம் வாசலுக்கே கொண்டுவந்தது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு அது புதுவை அருகே கரையைக் கடந்தது. ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. நம் வீட்டு மோட்டாரும் குழிக்குள் மூழ்கிற்று. நம் மின்பணியாளரை அழைத்தோம். "ஏற்கெனவே சொன்ன வீடுங்க நிறைய இருக்கு சார், வரிசையா வர்றேன்" என்றார். அவ்வரிசையில் நமக்குக் கிடைத்த இடத்துக்கும் முன்பு நாம் குறைத்த 200 ரூபாய்க்கும் தொடர்புண்டா என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் வேறொருவர் தாமாகவே வந்தார். மோட்டாரைத் திறக்கவில்லை, எட்டிப் பார்த்தார். "காயில் போயிடுச்சு. புதுசா சுத்தணும். நாலாயிரத்தைந்நூறு, பாதி இப்பவே" என்றார். புயற்காலத்தில் தேவை மிகுந்தால் விலை ஏறுவது இயல்பு என்பர் பொருளியலார். இரவு பகலாக நீரில் நின்று உழைப்பவர் சிறிது மிகுதியாகக் கேட்பதை நாமும் குறை சொல்லோம். ஆயின் திறந்தே பார்க்காமல் நோயைச் சொல்லி முன்பணம் கேட்பது தேவையின் விலையன்று, அச்சத்தின் விலை. அவரை அனுப்பிவிட்டோம்.

அப்படியானால் அரசே எல்லா வேலைக்கும் விலை குறித்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். உரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் கி.பி. 301இல் அதனைச் செய்து பார்த்தான். தச்சருக்கு நாளொன்றுக்கு உணவுடன் 50 தினாரி. முடி திருத்துபவருக்கு ஆளுக்கு 2 தினாரி. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு மாணவர் ஒருவருக்கு மாதம் 50 தினாரி என்று வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்தான். மீறினால் மரண தண்டனை. பொருள்கள் சந்தையிலிருந்து மறைந்தன என்று அக்காலத்து எழுத்தாளர் லக்டாண்டியஸ் பதிந்துள்ளார். மதீனாவில் விலைகள் ஏறியபோது, விலையை வரையறுத்துத் தருமாறு மக்கள் வேண்ட, யாருக்கும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று நபிகள் நாயகம் மறுத்ததை நபிமொழி நூல்கள் கூறுகின்றன. நம் நாட்டில் 1948இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தரையைத்தான் அமைத்தது, கூரையை அமைக்கவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டம் பூட்டு செய்பவர் உள்ளிட்ட 18 தொழிலினருக்குப் பயிற்சியும், நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவிகளுக்கு 15,000 ரூபாயும் தருகிறது; நல்லதே. விலை எப்படிச் சொல்வது, சீட்டு எப்படி எழுதுவது என்பதை யாரேனும் கற்பித்தால் இன்னும் நல்லது.

முடிதிருத்தகங்களில் சங்கத்தார் அச்சிட்ட கட்டணப் பலகை தொங்குகிறது. அங்கே சண்டை நடந்து நாம் பார்த்ததில்லை. பழுது பார்க்கும் வேலை அப்படி ஒரே சீரானதன்று. ஆனாலும் வந்து பார்ப்பதற்கு இவ்வளவு, கண்டன்சர் மாற்ற இவ்வளவு, வாஷர் மாற்ற இவ்வளவு என்று பத்துப் பன்னிரண்டு வேலைகளுக்காவது கடை வாசலில் எழுதி வைக்கலாம். மற்றவற்றுக்குத் திறந்து பார்த்தபின், தொடங்குமுன், தொகையைச் சொல்லலாம். கழற்றிய பொருளை வீட்டுக்காரர் கையில் கொடுக்கலாம். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றே: முன்னே கேட்பது, பின்னே குறைக்காதிருப்பது. நம் மாணவர்களுள் பலர் இத்தகைய கடைகளை நடத்துவோரின் பிள்ளைகள். தந்தையின் கட்டணப் பலகையைப் பிழையற்ற தமிழில் எழுதித் தர அவர்களால் இயலாதா? தமிழ்த்துறை திருத்தித் தரக் காத்திருக்கிறது.

ஐந்தாம் நாள் மாலை நம் மின்பணியாளர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன, கால்விரல்கள் நீரில் ஊறி வெளுத்திருந்தன. மோட்டாரைத் திறந்து சோதனை விளக்கை வைத்துப் பார்த்தார். "காயில் நல்லாத்தான் இருக்கு சார், ஈரம்தான். கொண்டுபோய் உலர்த்தி வார்னிஷ் அடிச்சு மாட்டணும். பேரிங் ஒண்ணு மாத்தணும். ஆயிரத்திருநூறு ஆகும், செய்யவா?" என்றார். செய்யுங்கள் என்றோம். மறுநாள் மாட்டினார், நீர் ஏறிற்று. 1,400 ரூபாயை எடுத்து நீட்டினோம். எண்ணிப் பார்த்தார். "பேசினது ஆயிரத்திருநூறுதானே சார்" என்று இரண்டு நூறு ரூபாய்த் தாள்களைத் திண்ணைமேல் வைத்துவிட்டு, மாற்றிய பழைய பேரிங்கையும் அவற்றின்மேல் வைத்து, அடுத்த தெருவுக்கு வண்டியைத் திருப்பினார்.